முதலில் குடிவந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை

கேள்வி: நான்கு அடி மரைன் டேங்க் (கடல்நீர் மீன்தொட்டி) வைத்திருக்கிறேன். தண்ணீர் பக்குவப்பட, அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர, முதலில் ப்ளூ டாம்செல் என்ற சின்ன நீல மீன் ஒன்றை விடச் சொன்னார் கடைக்காரர். ஆறு வாரம் கழித்து இரண்டு க்ளவுன் மீன்கள் வாங்கி விட்டேன். அன்றிலிருந்து டாம்செல் அவற்றை விரட்டு விரட்டென்று விரட்டுகிறது. சின்ன க்ளவுனுக்கு வால் கிழிந்து, பம்ப் மூலையில் ஒண்டிக் கிடக்கிறது. தீனி அதிகம் போட்டால் அடங்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: அடங்காது. மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீர் கெடுவதுதான் மிச்சம். ஆறு வாரம் தனிக்காட்டு ராஜாவாக இருந்த மீன் அது, ஒவ்வொரு கல்லும் பொந்தும் அதற்கு மனப்பாடம், பிறகு வந்தவர்கள் எல்லாம் அதன் கணக்கில் அத்துமீறி நுழைந்தவர்கள். பவளப்பாறையிலும் இப்படித்தான் துரத்தும், ஆனால் அங்கே துரத்தப்பட்ட மீன் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் விட்டுவிடும். உங்கள் தொட்டியில் தள்ளிப் போக ஏது இடம்?

டாம்செலை வெளியே எடுங்கள். வலை போட்டுப் பிடிக்கப் பார்க்காதீர்கள், நான் ஒருமுறை பாதிக் கற்களை வெளியே எடுத்தும் கைக்குச் சிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாக உள்ளே செருகி, அடியில் ஒரு இறால் துண்டு போட்டுப் பகலில் வையுங்கள், முந்தின நாள் பட்டினி போட்டிருந்தால் தானாக உள்ளே வரும். பத்து நாளாவது அது வேறு தொட்டியில் இருக்கட்டும். அதற்குள் இங்கே கற்களை அடையாளம் தெரியாதபடி மாற்றி அடுக்கிவிட்டு, கடைசியாக அதைத் திரும்ப விடுங்கள். மறுபடியும் துரத்தினால் கடையிலேயே கொடுத்துவிடலாம், என்னைக் கேட்டால் முதலிலேயே கொடுத்துவிடுவேன்.

இன்னொன்று. சின்ன க்ளவுன் பெரியதன் முன்னால் ஒருக்களித்து உடம்பை வெடவெடவென்று உதறினால் நோய் என்று மருந்து ஊற்றிவிடாதீர்கள். ‘நீங்கதான் பெரியவங்க’ என்று பணிவது அது. பெரியது பெண், சின்னது ஆண். பெரியது செத்துப்போனால் இந்தச் சின்னதே பெண்ணாக மாறிவிடும், அப்படி ஒரு ஏற்பாடு. ஜோடி சேர்ந்த பிறகு மூன்றாவதாக ஒன்றை வாங்கி விட்டால் இரண்டும் சேர்ந்து அதை ஒருவழி பண்ணிவிடும்.

அடுத்த தொட்டி வைத்தால் பக்குவப்படுத்த மீனே வேண்டாம், பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவும் ஒரு சிட்டிகைத் தீனியும் போதும். கிழிந்த வால் நல்ல தண்ணீரில் தானாகவே வளரும், ஓரம் வெளுத்து உள்ளே ஏற ஆரம்பித்தால் மட்டும் உடனே தனியாக எடுத்து வைத்துவிட்டு எழுதுங்கள்.