வெப்சைட்டுக்கு எவ்வளவு டெஸ்ட் வேண்டும்?

கேள்வி: ஆத்தங்குடித் தரைக் கற்களை ஆன்லைனில் விற்கும் தளம் ஒன்றைத் தனியாளாகப் பராமரிக்கிறேன். தளத்தின் நிரல் (code) முழுவதற்கும், 100 சதவீதம் தானியங்கி டெஸ்ட், அதாவது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று தானே சோதிக்கும் நிரல், எழுத வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தேவையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தேவையில்லை. தப்பினால் காசு போகும் இடங்களில் மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். முதலில் கல் கணக்கு. 8 அங்குலச் சதுரக் கல் என்றால் சதுர அடிக்கு 2.25 கல். 4 சதுர அடிக்குச் சரியாக 9. 10 சதுர அடிக்கு 22.5, அதாவது 23. இரண்டையும் டெஸ்ட்டில் வையுங்கள். உடைசலுக்கு 10 சதவீதம் கூட்டும் இடம்தான் ஆபத்து. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 100-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 110.00000000000001 வரும், அதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 111 கல்லுக்கு பில் போய்விடும். 110-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 110தான். விலையையும் பைசாவில், முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பணம். பேமெண்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை, பணம் வந்த ஒரே தகவலை இருமுறை அனுப்பக்கூடும். டெஸ்ட்டிலும் அப்படியே இரண்டு தடவை அனுப்பி, ஆர்டர் ஒன்றுதான் பதிவாகிறதா என்று பாருங்கள். இதற்கு நிஜ டேட்டாபேஸ் வேண்டும். டெஸ்ட்டுக்கென வைக்கும் போலி டேட்டாபேஸில் இந்தத் தப்பு தெரியாமலே போகலாம்.

பிரவுசரை ஓட்டும் டெஸ்ட் மெதுவானது, பட்டன் பெயர் மாறினாலே விழும், அதாவது தோல்வி காட்டும். கல் தேர்விலிருந்து பணம் கட்டுவது வரை இரண்டு மூன்று போதும். 'எங்களைப் பற்றி' பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் போதும். வாடிக்கையாளர் ஒரு பிழையைச் சொன்னால், திருத்துவதற்கு முன்பே அதற்கு டெஸ்ட் எழுதி, அது விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள்.