நிலவுக்குப் போய்த் திரும்பும் நாசாவின் சோதனைப் பயணமான ஆர்ட்டெமிஸ் 1-ஐ ஏன் ஆளில்லாமல் பறக்கவிட்டார்கள்? தரையிலேயே சோதித்துப் பார்த்திருக்க முடியாதா?

முடியாது. தரைச் சோதனையில் தேறிய பாகம்தான் இந்தப் பயணத்தில் எதிர்பாராதபடி சேதமானது: ஆட்கள் பயணிப்பதற்கான ஓரியன் கலத்தின் வெப்பக் கவசம்.

2022 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலுள்ள 39பி ஏவுதளத்திலிருந்து, ஓரியனைச் சுமந்துகொண்டு எஸ்.எல்.எஸ். ராக்கெட் கிளம்பியது. அதற்கு முன் செப்டம்பரில் ஹைட்ரஜன் கசிந்து ஏவுதல் நின்றதைப் பற்றித்தான் பேச்செல்லாம். கடைசியில் ராக்கெட் தன் வேலையைச் சரியாகவே செய்தது. டிசம்பர் 11 அன்று பசிபிக்கில் இறங்கிய கலத்தைப் பரிசோதித்தபோதுதான் சேதம் தெரிந்தது.

நிலவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்குச் சுமார் 11 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் நுழையும். கவசத்தின் வெளிப்புறம் 2,700 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். 5 மீட்டர் விட்டமுள்ள அந்தக் கவசத்தில் அவ்கோட் என்ற பொருளைக் கட்டிகளாக ஒட்டியிருக்கிறார்கள். அது கருகிக் கரியாகி, சீராகத் தேய்ந்து, சூட்டையும் தன்னோடு கொண்டுபோய்விட வேண்டும். ஆனால் 100-க்கும் மேற்பட்ட இடங்களில் கரி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது.

ஓரியன் ஒரே மூச்சில் இறங்கவில்லை. வளிமண்டலத்துக்குள் ஒருமுறை முங்கி, மேலெழும்பி, மறுபடி முங்கியது. கடலில் குறித்த இடத்தில் இறங்க இந்த முறை உதவும். இரண்டு முங்கலுக்கும் நடுவே வெளிச்சூடு குறைந்தது. உள்ளே தேங்கிய சூடோ அவ்கோட்டிலிருந்து வாயுவைக் கிளப்பிக்கொண்டே இருந்தது. வாயு வெளியேற வழியில்லாத இடங்களில் விசில் அடைபட்ட குக்கர் போல அழுத்தம் ஏறி, கரி விரிசல் விட்டது.

இது தரையில் ஏன் தெரியவில்லை? அங்கே பாய்ச்சிய சூடு, பயணத்தில் வந்ததைவிடக் கடுமையானது. கடும் சூட்டில் கரி வேகமாக உருவாகும். அதன் வழியே வாயு ஊடுருவி வெளியேறிவிடும். சூடு குறைந்தால் கரி உருவாவது மந்தமாகும், வாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். கடுமையான சோதனையில் தேறினால் இலேசானதில் தானாகத் தேறும் என்று நாம் போடும் கணக்கு இங்கே தவறிப்போனது. இந்தப் பயணம் காட்டிய விஷயங்களிலேயே இதைத்தான் முதலில் வைப்பேன்.

உள்ளே ஆள் இருந்திருந்தாலும் ஆபத்து நேர்ந்திருக்காது. கலத்தின் உட்புறம் சுமார் 24 டிகிரியிலேயே இருந்தது. இருந்தாலும், காரணம் புரியாமல் ஆளை ஏற்ற முடியாது. விசாரணை முடிவையும் அதையொட்டிய இரண்டு தீர்மானங்களையும் 2024 டிசம்பரில் நாசா அறிவித்தது. ஆட்களுக்கான அடுத்த பயணமான ஆர்ட்டெமிஸ் 2-க்கான கவசம் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டதால் அதைக் கழற்றாமல், இறங்கும் பாதையை மாற்றுவது. அதற்குப் பிந்தைய கலங்களுக்கு வாயு எல்லா இடத்திலும் ஒரேபோல ஊடுருவும்படி அவ்கோட்டைத் தயாரிப்பது.