மலை உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது உடல் எப்படிப் பழகிக்கொள்கிறது?

இந்தக் கேள்விக்கு "சிவப்பணுக்கள் கூடும்" என்று ஒரே வரியில் பலர் பதில் சொல்லிவிடுகிறார்கள். கூடுவது உண்மைதான், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாட்களில் நம்மைத் தாங்கிப் பிடிப்பவை மூச்சும் சிறுநீரகமும்தான்.

மலை மேலேயும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் பாதி. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான்.

கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குப் போகும் தமனி கிளை பிரிகிற இடத்தில், அரிசிமணி அளவில் 'கரோட்டிட் பாடி' என்ற சிறு உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினால் முதலில் கண்டுபிடிப்பது அதுதான். உடனே மூச்சு வேகமாகிறது, இதயத் துடிப்பும் ஏறுகிறது. இங்கேதான் ஒரு சிக்கல். வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடிவிடும். அதைப் பார்த்த மூளை மூச்சை அடக்கப் பார்க்கும்.

இந்த இழுபறி ராத்திரியில் நன்றாகத் தெரியும். கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு ஆழமாகிக்கொண்டே போகும், பிறகு சிறுத்துச் சிறுத்து ஒரேயடியாக நின்றுவிடும். சில வினாடிகள் சத்தமே இருக்காது. அப்புறம் ஒரு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். முதல்முறை கேட்டபோது பதறிப்போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். உயரத்தில் இது சகஜம்.

இதைச் சரிசெய்வது சிறுநீரகம். காரத்தன்மை தரும் பைகார்பனேட் என்ற உப்பைச் சிறுநீரில் வெளியேற்றி, ரத்தத்தை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அதன் பிறகுதான் மூச்சு தடையில்லாமல் வேகமெடுக்க முடிகிறது. மலையேறுபவர்களுக்கு மருத்துவர்கள் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது.

ரத்தத்துக்கு வருவோம். ஆக்சிஜன் குறைந்ததை உயிரணுக்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த உணர்வின் விளைவாகச் சில மணி நேரத்திலேயே, சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஹார்மோன் ஏறுகிறது. ஆனாலும் முதல் வாரத்தில் ஹீமோகுளோபின் கூடியதாகப் பரிசோதனையில் தெரிவதற்கு முக்கியக் காரணம், ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதுதான். புது அணுக்கள் பின்னால்தான் வருகின்றன.

அவை எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஆண்டிஸ் மலைவாசிகள் சிலருக்கு சிவப்பணுக்கள் மிதமிஞ்சிப் பெருகி, ரத்தம் கெட்டியாகி, மோங்கே நோய் வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயரத்தில் வாழும் திபெத்தியர்களுக்கோ, 4,000 மீட்டரில்கூட ஹீமோகுளோபின் பெரும்பாலும் கடல் மட்டத்து அளவை ஒட்டியே இருக்கிறது. இதில் ஈபாஸ்1 என்ற மரபணுவின் தனி வடிவத்துக்குப் பங்குண்டு. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இதுதான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடற்பயிற்சி செய்து தேறிய உடம்பு, உயரத்தில் தலைவலி, குமட்டல் என்று வரும் மலை நோயைத் தடுக்காது. தெம்பு இருக்கிறதே என்று வேகமாக ஏறும் இளைஞர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். சிறுநீரகத்துக்கு அவகாசம் கொடுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் அதே உயரத்தில் தங்குங்கள். தலைவலியோடு குமட்டல் இருந்தால் அது தீரும்வரை மேலே போகாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே துணையோடு கீழே இறக்கிவிட வேண்டும்.