ரீசெட் பண்ணச் சொல்கிறார்கள், படங்களும் குரல்களும் போகாமல் எப்படிச் செய்வது?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய அன்ட்ரோய்ட் போன். கோல் வந்தால் எடுப்பதற்குள் கட்டாகிவிடுகிறது, அவ்வளவு இழுக்கிறது. டவுனில் காட்டினேன், எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்கள். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், கட்டாரில் இருக்கும் கணவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய வொய்ஸ், காலமான அம்மா பாடியதை ரெக்கோர்டரில் பதிந்தது எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. வீட்டில் வைஃபையும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. ஒன்றும் போகாமல் எப்படிச் செய்வது?

பதில்: செய்யலாம் சகோதரி, ஆனால் இன்றைக்கே வேண்டாம். அழிப்பது சில நிமிட வேலைதான். அதற்கு முந்திய வேலைக்கு இரண்டு மூன்று நாளாவது நிதானமாக ஒதுக்குங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'பேக்கப் முடிந்தது', அதாவது பிரதி எடுத்தாயிற்று என்று போன் காட்டுவதை நம்பி அழிக்காதீர்கள். அக்காவோ தம்பியோ, வேறு யாருடைய போனிலாவது அந்தப் படத்தைத் திறந்து பார்த்து, அந்தக் குரலைப் போட்டுக் கேட்ட பிறகு அழியுங்கள்.

முதலில் ரீசெட் தேவையா என்றே பார்ப்போம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற இடத்தைத் திறந்தால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறைந்த போன் இழுக்கத்தான் செய்யும். வட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, அதற்குள் மெனேஜ் ஸ்டோரேஜ். பெரிய ஃபைல்கள் முன்னால் வரிசையாக நிற்கும். குடும்பக் குரூப்பில் வந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தாலே பல போன்கள் மூச்சு விடும். அப்படிச் சரியாகிவிட்டால் ரீசெட்டை மறந்துவிடலாம். ஆனாலும் கீழே சொல்லும் பிரதிகளை எடுத்து வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் இதே கதிதானே.

இனி ஜிமெயில். நம் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். போன் வாங்கிய அன்றைக்குக் கடைக்காரரே ஒரு ஜிமெயில் திறந்து, ஏதோ ஒரு பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்திருப்பார். அது என்னவென்று வாங்கியவருக்கும் தெரியாது, இப்போது கடைக்காரருக்கும் ஞாபகம் இருக்காது. போன் ஓடிக்கொண்டிருக்கும் வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. ரீசெட் ஆன பிறகு, பேக்கப்பைத் திரும்ப இறக்க அதே கணக்கும் அதே பாஸ்வேர்டும் வேண்டும். அதோடு 2015இல் வந்த அன்ட்ரோய்ட் 5.1 தொடக்கம் திருட்டுப் பாதுகாப்பு ஒன்றும் இருக்கிறது. பவர், வொலியூம் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடாமல் போன் உள்ளே விடாது. உங்கள் சொந்தப் போனிலேயே நீங்கள் திருடன் மாதிரி வெளியே நிற்க வேண்டி வரும்.

அதனால் போன் கையில் உயிரோடு இருக்கும்போதே, செட்டிங்ஸில் கூகுளுக்குள் போய் எந்த முகவரி இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் அங்கேயே, செக்கியூரிட்டி பகுதியில், மறந்துவிட்டது என்பதை அழுத்துங்கள். போனின் பின் நம்பரைக் கேட்டோ, பதிவான நம்பருக்குக் குறியீடு அனுப்பியோ பெரும்பாலும் மாற்ற விடும். பதிவான நம்பர் பழைய சிம்முடையதாக இருந்தால் இப்போது பாவிக்கும் நம்பரைப் போடுங்கள். புதிய பாஸ்வேர்ட் வைத்தால் 24 மணி நேரம் பொறுத்த பிறகே ரீசெட் செய்யச் சொல்கிறது கூகுள். நாள் ஒதுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டிருந்தால், உள்ளே வருவது நீங்கள்தானா என்று கூகுள் கேட்பது அழிந்துபோன இதே போனிடம்தான். அதற்காக 10 பேக்கப் குறியீடுகள் தருவார்கள், அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். போன் பூட்டைத் திறக்கும் பின் அல்லது பெற்றர்னும் ஞாபகம் இருக்க வேண்டும். பேக்கப்பை இறக்கும்போது பழைய பூட்டைக் கேட்கும்.

சரி, இப்போது அம்மாவின் பாட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எடுத்து வையுங்கள், ஏனென்றால் கூகுளின் தானியங்கிப் பேக்கப்பில் இது சேராது. அது எடுப்பது எஸ்எம்எஸ், கோல் விபரம், செட்டிங்ஸ், சில ஆப்களின் தகவல் போன்றவைதான். ரெக்கோர்டரில் பதிந்தது, டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் பிறப்புச் சான்றிதழ் பிடிஎஃப், அடையாள அட்டை ஸ்கேன் எல்லாவற்றையும் அது எடுக்காது. ரெக்கோர்டரைத் திறந்து, அந்தப் பதிவை அழுத்திப் பிடித்து ஷெயார் கொடுத்து, இணையத்தில் ஃபைல் வைக்கும் கூகுள் ட்ரைவ்வில் போடுங்கள். உங்கள் கணவருக்கும் ஒன்று அனுப்புங்கள், ஆனால் வட்ஸ்அப்பில் டொகியுமென்ட்டாக. மூன்றாவது பிரதி பென் ட்ரைவ்வில்.

டேட்டா இல்லாத வீட்டுக்குப் பென் ட்ரைவ் பெரிய உதவி. போனில் நேரே செருகும் ஓடிஜி வகையைக் கேட்டு வாங்குங்கள், 64 ஜிபி போதும். மலிவாக 1000 ஜிபி, 2000 ஜிபி என்று எழுதி விற்பதைத் தொடவே வேண்டாம். அவற்றில் பல உண்மையான கொள்ளளவை மறைத்துப் பொய் சொல்பவை. கொப்பி ஆனது போலக் காட்டும், திறந்தால் பாதி ஃபைல் வெறும் பெயர் மட்டும். போட்டபின் இன்னொரு போனில் செருகி, அங்கும் இங்குமாகச் சில படங்களையும் கடைசியாகக் கொப்பியானதையும் திறந்து பாருங்கள். கொப்பிதான் செய்ய வேண்டும், மூவ் கொடுக்கக் கூடாது. பாதியில் பென் ஆடிவிட்டால் மூவ் கொடுத்தது இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம்.

ஃபைல் மெனேஜரில் டிசிஐஎம் (கமரா படங்கள் இருக்கும் ஃபோல்டர்), பிக்சர்ஸ், டவுன்லோட், ரெக்கோர்டிங்ஸ் ஆகிய நான்கையும் எடுத்துவிடுங்கள். கணவரின் குரல்கள் கொஞ்சம் ஒளிந்து கிடக்கும். அன்ட்ரோய்ட் என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் com.whatsapp என்று ஆங்கிலத்தில் பெயர் உள்ள ஃபோல்டர், அதற்குள் வட்ஸ்அப். அந்த வட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாகவே பென்னில் போடுங்கள். குரல்கள் தனித்தனி ஃபைலாக அதில் இருக்கும், பின்னாளில் வட்ஸ்அப் இல்லாமலே போட்டுக் கேட்கலாம். பூட்டிய ஃபோல்டர், இரகசிய ஃபோல்டர் என்று எதிலாவது படம் போட்டிருந்தால் அதை வெளியே எடுத்த பிறகு கொப்பி பண்ணுங்கள். ரீசெட்டுக்குப் பின் பெரும்பாலும் அவை திரும்பக் கிடைக்காது.

லயத்தில் போன் இருக்கும் அதே அலுமாரியில் பென்னும் இருந்தால், மழைக்காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். அதனால் முக்கியமானவற்றுக்கு இணையத்திலும் ஒரு பிரதி வேண்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், ட்ரைவ், படங்கள், இப்போது அன்ட்ரோய்ட் வட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15க்குள்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு படம் 3 எம்பி என்றால் 3000 படத்துக்கு 9 ஜிபி. அதைச் சாதாரண டேட்டா கார்டில் ஏற்றினால் ரீலோட் செய்தே முடிந்துவிடும். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ வைஃபை உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஓர் இரவு தங்கி, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். அது முடியாதென்றால், இரவு டேட்டா உள்ள பெக்கேஜ் போட்டு மகளின் படங்களை மட்டும் ஏற்றுங்கள். கொமியூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில் உங்கள் பாஸ்வேர்டை அடிக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

படங்களை இணையத்தில் ஏற்றும் ஆப் கூகுள் போட்டோஸ், அதில் இரண்டு பொறி இருக்கிறது. பேக்கப்பை ஓன் பண்ணினால் அது கமரா படங்களை மட்டுமே ஏற்றும். வட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரைத் தனியாக ஓன் பண்ண வேண்டும். மற்றது, ஏற்றியாயிற்று என்று அந்த ஆப்புக்குள்ளேயே படத்தை டிலீட் செய்தால் இணையத்தில் உள்ளதும் சேர்ந்து போகும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குப் பின் கிடைக்காது. போனில் மட்டும் இடம் எடுக்க ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று வேறு பட்டன் இருக்கிறது.

வட்ஸ்அப் உரையாடல்களுக்கு செட்டிங்ஸ், சட்ஸ், சட் பேக்கப். வீடியோ வேண்டாம் என்று நிறுத்திவிட்டால் அளவு நன்றாகக் குறையும், குரல்கள் அப்போதும் பேக்கப்பில் சேரும். 64 இலக்கச் சாவி அல்லது பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டும் வசதியைத் தேர்ந்தால் அதையும் கொப்பியில் எழுதுங்கள். தொலைத்தால் வட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது.

தொடர்பு நம்பர்கள் போனிலா, சிம்மிலா, கூகுளிலா என்று பார்த்து, கொன்டக்ட்ஸ் ஆப்பில் எக்ஸ்போர்ட் கொடுத்து அந்த ஒரு ஃபைலையும் பென்னில் போட்டுவிட்டால் கவலையில்லை. வங்கி ஆப்களை மறுபடி பதிய வேண்டும், யூசர் நேமைக் குறித்து வையுங்கள்.

ரீசெட் பண்ணும் நாளில் போனை நன்றாகச் சார்ஜ் ஏற்றுங்கள். சிம்மையும் மெமரி சிப்பையும் கழற்றிவிடுங்கள். சிப்பைப் போனின் உள் மெமரியோடு சேர்த்து ஃபோர்மட் செய்திருந்தால், ரீசெட்டுக்குப் பின் அதை எந்தப் போனாலும் வாசிக்க முடியாது. ஆகவே அதில் உள்ளதும் முதலில் பென்னுக்கு வர வேண்டும். அப்புறம் செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் கொடுங்கள், பட்டன் அழுத்தும் வழி வேண்டாம்.

திரும்ப எழும்பியதும் பழைய பேக்கப்பை எடுக்கவா என்று கேட்கும் இடத்தில் அவசரப்பட்டு ஸ்கிப் பண்ணாதீர்கள். ஆப் பட்டியலில் தேவையானவற்றை மட்டும் விட்டு மற்றதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள், எல்லாம் இறங்கினால் டேட்டாவும் போகும், இடமும் போகும். வட்ஸ்அப்பிலும் அதே நம்பர், அதே ஜிமெயில் கொடுத்தால் ரீஸ்டோர் கேட்கும். தவறி ஸ்கிப் ஆனால் அன்றிரவே வட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போடுங்கள். விடியற்காலையில் அது எடுக்கும் புதிய வெறும் பேக்கப், பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடலாம்.

இவ்வளவும் செய்து, புதிய போன் மாதிரி வெறுமையாக இருக்கும்போதும் இழுக்கிறது என்றால் கோளாறு பட்டரியிலோ உள் மெமரியிலோ இருக்கலாம். சொப்ட்வெயார் போட வேண்டும் என்று மறுபடி காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அந்தக் காசை அடுத்த போனுக்குச் சேர்த்து வையுங்கள்.