மகளின் வாயால் பேசுவதை நிறுத்துங்கள்

கேள்வி: 14 ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தேன். கணவரின் வேலை காரணமாக இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வெளிநாட்டில் குடியேறினோம். இங்கே என்னை யாருக்கும் தெரியாது. இந்நாட்டு மொழியைப் படித்தால் புரிகிறது. பேச நாக்கு எழவில்லை. என் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா என்பதும் தெரியவில்லை. வங்கி, பள்ளிக்கூடம் என எல்லா இடங்களிலும் பத்து வயது மகளே எனக்காகப் பேசிவிடுவதால் அன்றாட வேலைகள் தடையின்றி நடக்கின்றன. சென்ற மாதம் பெண் மருத்துவரிடம் என் மாதவிடாய்க் கோளாறைக்கூட அவள்தான் விளக்கினாள். ஆனால் நான் யார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இழந்த தன்னம்பிக்கையை எப்படி மீட்பது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: போன வேலை, போன மதிப்பு, போன பேச்சு என்று உங்களுடைய ஒவ்வோர் இழப்புக்கும் கடிதத்தில் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். மகளுக்குக் கிடைத்தவை இரண்டே வாக்கியங்கள். அதுவும் அன்றாட வேலைகள் தடையின்றி நடப்பதற்குச் சான்றாக. சகோதரி, நான் அந்த வாக்கியங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தன் தாயின் உதிரப்போக்கைப் பற்றி, தனக்கே இன்னும் சரியாக விளங்காத ஒன்றைப் பற்றி, அந்நிய மொழியில் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் கொடுத்திருக்கிறீர்கள். மருத்துவர் கேட்ட கேள்விகளில் எத்தனையை அவள் வெட்கத்தால் விழுங்கினாள், நீங்கள் பயப்படக்கூடாது என்று எதை மென்மையாக்கிச் சொன்னாள், மாத்திரையின் அளவைச் சரியாகச் சொன்னாளா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. கவலைக்குரிய செய்தி ஏதேனும் வந்திருந்தால் வீட்டில் அதை முதலில் சுமந்திருக்கக்கூடியவள் அவள்தான். அமெரிக்காவில் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் மருத்துவமனைகள் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக்கூடாது என்று 2016-இல் விதியே கொண்டுவந்தார்கள். இப்படி உதவும் பிள்ளைகளில் சிலர் அதைப் பெருமையாகவும் கருதுகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்டுச் சொல்வது பெருமையாக இருக்கலாம். தாயின் நோயைச் சொல்வது பெருமைக்குரிய வேலையாகாது. பிள்ளைகள் பெற்றோரைத் தாங்கும் காலம் ஒன்று உண்டு என்பதிலும், அது பத்து வயதில் தொடங்குவதில்லை என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, தன்னம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் இவர் மகளைப் பற்றிப் பேசுகிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டும் ஒரே சிக்கல்தான். பழகிய அடையாளங்களும் குறிப்புகளும் இல்லாமல் போகும்போது குடிபெயர்ந்தவருக்கு ஏற்படும் பதற்றத்தை மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியான ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். எப்போது சிரிப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்பதுகூடத் தெரியாமல் தடுமாறுவது உங்கள் தனிப்பட்ட குறைபாடு அன்று. ஆனால் அந்தத் தடுமாற்றம் எப்படித் தீரும்? தன்னால் ஒரு செயலைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1977-இல் அதற்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார். அவற்றுள் மிக வலுவானது, அந்தச் செயலைத் தானே செய்து முடித்த அனுபவம். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதைவிட வலுக்குறைந்தது; 'உங்களால் முடியும்' என்று நான் எழுதாததற்கு இதுவே காரணம். அத்தகைய அனுபவம் கிடைக்கக்கூடிய வாய்ப்புகளை எல்லாம் இரண்டு ஆண்டுகளாக நீங்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். அவள் ஒவ்வொரு முறை பேசும்போதும் உங்களுக்கு ஒரு பயிற்சி குறைகிறது. மறுமுறை பயம் கூடுகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் உங்கள் மகளைப் பற்றிச் சொல்வதை அந்த மகளே உங்களுக்குச் சொல்கிறாள். 14 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த நீங்கள், தன் குழந்தையின் படிப்பைப் பற்றி அந்தக் குழந்தையின் வாய்வழியாகவே கேட்டுக்கொண்டு போகும் ஒரு பெற்றோரை என்னவென்று நினைத்திருப்பீர்கள்? அவளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடுவார்கள். வகுத்தலை எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவ்வளவுதான். அவளுடைய பாடநூலை இன்றிரவே கையில் எடுங்கள். அந்த மேசையில் நீங்கள் இன்னமும் ஆசிரியைதான். பாடநூலின் மொழியை அவள் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், கணக்கை நீங்கள் விளக்குங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, தொலைபேசியில் தொடங்காதீர்கள். எதிராளியின் முகமும் உதடும் தெரியாததால் மொழிக்குப் புதியவருக்கு அதுவே மிகக் கடினமானது. வங்கியில் நேரில் போய் நின்று பேசுங்கள். கேட்க வேண்டியதை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். 'தயவுசெய்து மெதுவாகச் சொல்லுங்கள்' என்ற வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் மகள் பக்கத்தில் நிற்கட்டும், ஆனால் வாய் திறக்கக்கூடாது. பிறகு அவள் வரவே வேண்டாம். மருத்துவரிடம் போவதற்கு முன்பு, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளில் மருத்துவமனையே ஏற்பாடு செய்து தரும். அப்படி ஏற்பாடு இல்லாத இடமாக இருந்தால், வயது வந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர் பணி பல நாடுகளில் தனிப் பதிவு பெற வேண்டிய தொழில் என்பதால் சான்றிதழ் மதிப்பீடு, மொழித் தேர்வு என்று காலம் பிடிக்கும். விசாரிக்காமலேயே மதிப்பில்லை என்று முடிவு கட்டிவிடாமல், விதிகளைத் தேடிப் படியுங்கள். படித்தால் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக, உங்கள் கணவர். அவருடைய வேலைக்காகவே குடும்பம் இடம் மாறியது. ஆனாலும் மருத்துவமனைக்கு உங்களுடன் வந்தவர் அவர் இல்லை. பள்ளியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வரும் கடிதங்களை இனி மகள் பிரிக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நேரமில்லை என்று அவர் சொன்னால், அந்த நேரத்தை இதுவரை யார் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று கேளுங்கள்.