அதிகாரியைத் திட்டுவது இங்கே குற்றமா?

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், உங்கள் ஊர் நகர மன்றக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனதாகவும், அங்கே ஒருவர் மைக்கின் முன் நின்று மேயரை முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தையில் ஏசியதைக் கண்டு திகைத்துப் போனதாகவும் எழுதியிருந்தீர்கள். மேயர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், வாசலில் நின்ற போலீஸ்காரர் அசையவில்லை, இது சட்டப்படி செல்லுமா, எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நமக்கும் செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞன் அல்லன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன், அவ்வளவுதான். பெரும்பாலும் செல்லும், உங்களுக்கும் செல்லும் என்பதே என் பதில். ஆனால் அந்தப் பேச்சுரிமை எந்தக் கட்டத்தில் வந்து கைகொடுக்கும் என்பது தெரியாமல் அதை நம்பி வாயைத் திறக்கக் கூடாது.

பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினார் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவில் வழக்குப் பதிவதைச் செய்தித்தாளில் படித்தே வளர்ந்த நமக்கு இது விநோதமாகத்தான் தெரியும். இங்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1940இல் நியூ ஹாம்ப்ஷயரின் ராச்செஸ்டர் நகரில், யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சாப்ளின்ஸ்கி என்பவர் நகரக் காவல் அதிகாரியை மோசடிக்காரன், பாசிஸ்ட் என்று திட்டியதற்குத் தண்டிக்கப்பட்டார். கேட்டவுடன் கைகலப்பை மூட்டக்கூடிய ‘சண்டைச் சொற்களுக்கு’ அரசியலமைப்பின் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1942இல் அந்தத் தண்டனையை ஒருமனதாக உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் ரத்தாகவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு சண்டைச் சொல் என்ற ஒரே காரணத்துக்காக எவருடைய தண்டனையையும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததே இல்லை.

காற்று திசை மாறியது ஒரு மேற்சட்டையால். 1968 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றக் கட்டடத்தின் நடைவழியில், கட்டாய ராணுவச் சேர்ப்பை நான்கெழுத்து ஆங்கில வசவால் திட்டும் வாசகம் எழுதிய சட்டையுடன் கோஹன் என்ற இளைஞர் நடந்து போனார். நீதிமன்ற அறைக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி, மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றார் என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்குள் ஒரு போலீஸ்காரர், நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொள்ளலாமே என்று நீதிபதிக்குச் சீட்டு அனுப்ப, நீதிபதி மறுத்துவிட, கோஹன் வெளியே வரும்வரை காத்திருந்துதான் கைது செய்தார்கள். முப்பது நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை நீக்கியது. ஒருவருக்குக் கொச்சையாகப் படுவது இன்னொருவருக்குக் கவிதையாகலாம் என்ற பொருளில் நீதிபதி ஹார்லன் எழுதிய வரியை இங்கே சட்டம் படித்த எவரும் சொல்லிக் காட்டுவார்கள். சட்டையைக் கழற்றியதில்தான் அந்த இளைஞரின் சமயோசிதம் இருக்கிறது என்பது என் எண்ணம். நீதிமன்ற அறைக்குள் நீதிபதியைத் திட்டினால் அவமதிப்புக் குற்றத்துக்காக அங்கிருந்தே சிறைக்கு அனுப்பிவிட முடியும்.

போலீஸாரைத் திட்டுவது பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். பணியிலிருக்கும் போலீஸ்காரரை ஏசுவதையே குற்றமாக்கிய நியூ ஆர்லியன்ஸ் நகரச் சட்டம் 1974இல் செல்லாததாயிற்று. போலீஸாரின் வேலைக்கு எந்த வகையிலும் குறுக்கே பேசக் கூடாது என்ற ஹூஸ்டன் நகரச் சட்டம் 1987இல் விழுந்தது. பயிற்சி பெற்ற காவலர் சாதாரணக் குடிமகனைவிட அதிகமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர் என்பது நீதிபதிகள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். மிச்சிகனில் நடந்தது இன்னும் வேடிக்கையானது. வேகமாக ஓட்டிய ஒரு பெண்ணை நிறுத்திய காவலர் இரக்கப்பட்டு, அதைவிடச் சிறிய குற்றத்துக்கு அபராத டிக்கெட் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் கிளம்பும்போது நடுவிரலைக் காட்ட, காவலர் மறுபடி துரத்தி நிறுத்தி டிக்கெட்டை வேகக் குற்றமாக மாற்றினார். விரலைக் காட்டுவது மரியாதைக்குறைவாக இருக்கலாம், குற்றமாகாது, அதற்காக இரண்டாம் முறை நிறுத்தியது தவறு என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அதே 2019இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்னதை நம்மைப் போன்றவர்கள் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். கைது செய்வதற்கு வேறு ஏதேனும் சட்டபூர்வக் காரணம் இருந்துவிட்டால், பேச்சுக்குப் பழிவாங்கவே என்னைப் பிடித்தார்கள் என்று பின்னர் தொடுக்கும் வழக்கு பெரும்பாலும் நிற்காது. டிஸ்ஆர்டர்லி காண்டக்ட், அதாவது பொது ஒழுங்கைக் குலைத்தல், என்ற பிரிவு ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. நள்ளிரவில் உரக்கக் கத்தினாலோ, போகச் சொன்ன இடத்தை விட்டுப் போகாமல் நின்றாலோ அது போதும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், சாலையோரம் நிறுத்தப்பட்டபோது பொறுமையிழந்து நல்ல அமெரிக்க வசவாகவே வீசினார். அந்தப் பிரிவில்தான் பிடித்துப் போனார்கள். இரண்டு மாதத்தில் அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார். ஆயினும் எடுத்த கைரேகை அழியவில்லை. அடுத்த முறை விசா முத்திரைக்காக டிஎஸ்-160 படிவத்தை நிரப்பியபோது, எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத நேர்ந்தது. நீதிமன்றத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று தூதரகத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால், விடுப்பு முடிந்தும் வாரக்கணக்கில் அவர் ஊரிலேயே உட்கார்ந்திருந்தார். குடியுரிமைக்கான என்-400 படிவத்திலும் இதே கேள்வி வரும். தண்டனை இல்லை என்பதற்காக இல்லை என்று எழுதினால் அது பொய்யாகி, முதல் குற்றத்தைவிடப் பெரிதாகிவிடும். இங்கு குடியிருக்கும் அயல்நாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே ஒரு நாடுகடத்தல் வழக்கில் சொல்லியிருக்கிறது; அந்த உரிமை உங்களுக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும், தூதரகச் சன்னலில் அதை எடுத்து நீட்ட முடியாது.

மிரட்டல் வேறு கணக்கு. ‘உன்னைத் தொலைத்துவிடுகிறேன் பார்’ என்று நாம் கோபத்தில் சொல்லும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால், வசவு எதுவும் இல்லாமலேயே அது குற்றமாகலாம். கேட்பவர் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் பேசியதாக நிரூபித்தால் போதும் என்பது 2023 தீர்ப்பு. பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் மேயரை ஏசும் காணொளியைப் பார்த்து உங்கள் நிறுவனம் வேலையை விட்டு அனுப்பினால் பெரும்பாலான மாநிலங்களில் கேட்க ஆளில்லை. எச்-1பியில் வேலை போனால் பொதுவாக அறுபது நாள்தான் அவகாசம்.

மன்றக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போங்கள். பல ஊர்களில் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். நேர வரம்பும், பொருளை விட்டு விலகக் கூடாது என்ற விதியும் செல்லும், மேயரைக் குறை சொல்வதால் மட்டும் மைக்கைப் பிடுங்குவது செல்லாது. திறமையற்றவர், வாக்குத் தவறியவர் என்று எவ்வளவு காரமாகவும் சொல்லலாம். சாலையோரத்தில் மட்டும், கைகளை ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லி, சீருடையில் இருக்கும் பெயரையும் பேட்ஜ் எண்ணையும் மனத்தில் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து புகார் எழுதுங்கள். நானும் ஒருமுறை அப்படி எழுதினேன். பதில் வர ஏழு வாரமாயிற்று. அதற்குள் வீட்டுக்குள் நான் தமிழில் திட்டியதற்குக் கணக்கில்லை.