எரிந்த மலை மூன்று மாதத்தில் எப்படிப் பச்சையானது?

கொழும்புக் கோட்டையில் பதுளை ரயில் ஏறிப் போனபோது ஆகஸ்டில் கரியாகக் கிடந்த எல்ல ஊர்ப் பக்கத்து மலைச்சரிவு, நவம்பரில் பச்சையாக இருந்ததே, யார் நட்டது என்று கேட்டிருந்தீர்கள். ஒருவரும் நடவில்லை. அது மானாப்புல். தீ மேலால் ஓடிவிடும். மண் சூட்டை இலேசில் கடத்தாது. சில சென்ரிமீற்றர் கீழேயே வேர் உயிரோடிருக்கும், மழை விழுந்ததும் தூரிலிருந்து குருத்து விடும். இடையில் நிற்கும் நெல்லியும் கடுக்காயும் தடித்த பட்டையால் தப்பும்; கருகினாலும் அடிமரத்தில் துளிர்க்கும்.

ஆனால் அந்தப் பச்சையைக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். ஈரக்காட்டு மரங்களுக்கு இந்தத் தாக்குப்பிடிப்பு இல்லை. திரும்பத் திரும்ப எரிந்தால் கன்றுகள் செத்து, காட்டோரம் பின்வாங்கி, புல்தான் பரவும். சாம்பலில் உள்ள சத்தையும் முதல் பெருமழை பள்ளத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.